மேக்கப் ரூமில் ஒரு கொலை: எங்கள் நாடகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாயங்காலங்களில் ஒத்திகை பார்க்கும் அமெச்சூர் நாடகக் குழு நாங்கள். இந்த முறை போடுவது ஒரு கொலை மர்ம நாடகம். கதையும் எங்களைப் போன்ற ஒரு குழுவுக்குள்ளேயே நடக்கிறது. எழுதி இயக்குவது நான். பார்க்க வருகிறவர்கள், நடிக்க ஆசைப்படுகிறவர்கள், பிரதி கேட்கும் வெளியூர்க் குழுக்கள் என்று பலரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கொலையாளி யார் என்பது மட்டும் இதில் இருக்காது.

கதை என்ன?

மே மாதம். ஒரு நாடகக் குழுவின் ஆண்டு விழா. சரித்திர நாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது. குழுவைத் தொடங்கிய பெரியவர்தான் ராஜா வேஷம். முதல் காட்சியில் வந்துவிட்டுப் போனால் அவருக்கு நான்காம் காட்சியில்தான் மறுபடி வேலை. மூன்றாம் காட்சி நடுவில் கரண்ட் போய்விடுகிறது. ஜெனரேட்டர் போட மூன்று நிமிஷம் ஆகிறது. வெளிச்சம் வருகிறது, காட்சி முடிகிறது, ராஜா வர வேண்டிய இடத்தில் ராஜா வரவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மேக்கப் ரூமில், டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறார். பின்மண்டையில் அடி. ஒட்டுத்தாடி பாதி பிய்ந்து தொங்குகிறது. பக்கத்தில் ஒரு கதாயுதம்.

அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள் பதினொரு பேர். எங்கள் பிரதியில் யாருக்கும் பெயர் கிடையாது. ராணி, தளபதி, தோழி, பபூன், வசனம் எடுத்துக் கொடுக்கும் ப்ராம்ப்டர், லைட்காரர், மேக்கப்காரர் என்று வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெரியவர் மட்டும் எல்லோருக்கும் ‘ஐயா’.

இது உண்மைச் சம்பவமா? உங்கள் குழுவில் யாரையாவது மனதில் வைத்து எழுதியதா?

இல்லை. எழுதி முடித்ததும் குழுவில் எல்லோரையும் உட்கார வைத்து முழுப் பிரதியையும் வாசித்தேன். ‘இது நான்தானே’ என்று ஒருவருக்குத் தோன்றினாலும் அந்த இடத்தை மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தேன். இரண்டு இடங்களை மாற்றினேன்.

அமெச்சூர் குழுவில் யாருக்கும் காசு கிடையாதே. அங்கே எதற்காகக் கொலை நடக்கும்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பதிலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தொழில்முறைக் கம்பெனிகளின் கதை வேறு. அங்கே நாடகம் என்றால் சோறு. அமெச்சூர் சபாக்களில் அப்படியில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது கூடியவர்கள் படித்தவர்கள், உத்தியோகம் பார்க்கிறவர்கள். அவரே வக்கீலாக இருந்து பின்னால் நீதிபதி ஆனவர். பிழைப்பு வேறு இடத்தில் இருக்க, ஆசைக்காக மேடை ஏறினார்கள். இன்றைக்கு எங்கள் குழுவும் அதே மாதிரிதான். பேங்க்கில் இருப்பவர், பள்ளிக்கூட டீச்சர், சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு வருபவர், நெய்வேலியிலிருந்து பஸ் பிடித்து வருபவர். வேலை நேரம் போக மிச்சமிருக்கும் பொழுதை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறோம். அந்தப் பொழுது முழுக்க நம்முடையது என்பதால் அதில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆழமாக வலிக்கும்.

எனக்கே நடந்திருக்கிறது. வேறொரு குழுவில் இருந்தபோது மூன்று மாதம் ஒத்திகைக்குப் போனேன். நோட்டீஸ் அச்சடித்து வந்தபோது அதில் என் பெயர் இல்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, விட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான். ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். ஆபீசில் இன்க்ரிமென்ட் தள்ளிப்போன வருஷம்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

எங்கள் நாடகத்தில் சந்தேகப்படும் ஒவ்வொருவருக்கும் இந்த மாதிரி ஒரு காயம் இருக்கிறது. பத்து வருஷமாகத் தோழி வேஷமே போடுகிற ஒருவர். விழா மேடையில் மற்ற எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தி, தன் முறை வந்தபோது பொன்னாடை தீர்ந்துபோய் நின்ற லைட்காரர். சொந்த நகையை அடகு வைத்து சீன் படுதா எழுதிக் கொடுத்துவிட்டு அதைப் பற்றி வாயே திறக்காத ஒருவர். இவர்களில் ஒருவர் கொன்றிருக்கிறார். மற்றவர்கள் கொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஐயாவோடு முடியாத கணக்கு ஒன்று உண்டு. சொத்து, கள்ளக்காதல், இன்சூரன்ஸ் பணம் எதையும் நான் கதைக்குள் விடவில்லை. அவை எந்த வீட்டிலும் நடக்கும். இந்தக் கொலை நாடகக் குழுவில் மட்டுமே நடக்க முடிகிற கொலையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நாடகக் குழு மர்மக் கதைக்கு அவ்வளவு பொருத்தமான இடமா?

ஆமாம். முக்கியமான காரணம், நாடகம் ஓடும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் எந்த நிமிஷம் எங்கே இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. தளபதி இரண்டாம் காட்சியில் வலது சைடு விங்கிலிருந்து வர வேண்டும். ராணி அப்போது புடவை மாற்ற வேண்டும். ப்ராம்ப்டர் இடது படுதாவுக்குப் பின்னால் டார்ச்சோடு நிற்க வேண்டும். போலீஸ் வந்து ‘எங்க இருந்தீங்க’ என்று கேட்டால் பதில் பிரதியிலேயே இருக்கிறது. கூடவே முந்நூறு பேர் சாட்சி.

அப்புறம் வேஷம். ஒரே மாதிரி தலைப்பாகை கட்டி, ஒரே மாதிரி மீசை ஒட்டி, ஈட்டியோடு நிற்கும் இரண்டு காவலர்களில் யார் எவர் என்று மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த முந்நூறு சாட்சியும் இந்த இடத்தில் உதவாது.

எழுதும்போது ஒரு சார்ட் பேப்பரை வாங்கி பீரோவில் ஒட்டினேன். மேலே நிமிஷங்கள், பக்கத்தில் பதினொரு பேர். மேடையில் இருந்தால் பச்சை, உள்ளே இருந்தால் நீலம், யாரும் பார்க்காத நிமிஷம் சிவப்பு. முதல் தடவை சிவப்புக் கட்டங்களை எண்ணிப் பார்த்தபோது கொலை செய்ய ஒருவருக்குக்கூட நேரம் இல்லை. இரண்டாம் தடவை ஏழு பேருக்கு நேரம் இருந்தது. நான்கு சார்ட் கிழித்த பிறகுதான் சரியாக மூன்று பேருக்குச் சிவப்பு வந்தது. வேறு குழுக்கள் இந்த மாதிரிக் கதை எழுதினால் வசனத்தில் கை வைப்பதற்கு முன் இந்தக் கட்டத்தைப் போட்டுவிடுங்கள்.

செத்து எவ்வளவு நேரம் ஆச்சு என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாமே?

நாடகத்திலும் ஒருவர் அப்படித்தான் சொல்கிறார். ‘உடம்பு இன்னும் சூடா இருக்கு, கரண்ட் போன நேரத்துலதான் நடந்திருக்கு’ என்கிறார். எல்லோரும் அதை நம்பி, அந்த மூன்று நிமிஷத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

செத்த உடம்பு குளிர்வது, சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால்தான். உயிரோடிருக்கும் உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி செல்சியஸ். குளிர் நாடுகளில் செத்த பிறகு மணிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு மே மாதம் கடலூரில் தகரக் கொட்டகைக்குள் போனால் தப்பாகிவிடும். பகல் முழுக்கக் காய்ந்த தகரம் சாயங்காலமும் அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே இரண்டு பெரிய பல்பு வேறு. காற்றின் சூடும் உடம்பின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உடம்பு எங்கே போய்க் குளிரும்? ஒரு மணி நேரத்துக்கு முன் போன உயிராக இருந்தாலும் தொட்டுப் பார்த்தால் இப்போதுதான் போன மாதிரி இருக்கும்.

இதைச் சொல்வதால் ரகசியம் போய்விடாது. இடைவேளைக்கு முன்பே டாக்டர் பாத்திரம் மேடையில் இதைச் சொல்லிவிடும். அதோடு கரண்ட் போன மூன்று நிமிஷத்தின் மேல் கட்டிய எல்லாமே சரிந்துவிடும். அதுவரை நிம்மதியாக உட்கார்ந்திருந்த நான்கு பேர் முகத்தை அப்போது கவனியுங்கள்.

ரத்தம் எப்படிச் செய்கிறீர்கள்?

கடையில் விற்கும் மேடை ரத்தத்தை வாங்கிப் பார்த்தோம், விலை கட்டுப்படியாகவில்லை. குழுவில் மூத்த அம்மா ஒருவர், ‘ஆலம் கரைச்சா போதாதா’ என்றார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பெண்ணுக்குச் சுற்றுகிறோமே, அந்த மஞ்சள் தண்ணீரும் சுண்ணாம்பும்தான். கெட்டியாக வர மைதாக் கஞ்சி சேர்த்தோம். கறுப்பு தட்ட இரண்டு சொட்டு காபி டிகாக்‌ஷன். மஞ்ச பல்பு வெளிச்சத்தில் அசல் ரத்தம் தோற்றுவிடும்.

ஒரு நாள் ஒத்திகையில் தளபதி வேஷக்காரர் வேட்டியில் இந்த ரத்தத்தோடு உட்கார்ந்து லெமன் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். யாரோ முழங்கையை இடித்ததில் டம்ளர் சாய்ந்தது. மடியில் ஜூஸ் பட்ட இடமெல்லாம் சிவப்பு போய் மஞ்சள் பூத்தது. அடுப்பில் வைத்த மாதிரி இல்லை, சட்டென்று, கண் முன்னால். மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். சுண்ணாம்பு காரம், எலுமிச்சை புளிப்பு. துவைக்கும்போது மஞ்சள் கறை சோப்பில் சிவப்பதும் இதனால்தான். எல்லோரும் வேட்டியைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று ஒத்திகை அதோடு நின்றது. ராத்திரி வீட்டுக்குப் போய் ஆறாம் காட்சியை மாற்றி எழுதினேன்.

இப்போது நாடகத்தில், வேட்டியில் ரத்தத்தோடு பிடிபடும் தளபதியை இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏற்றப் போகும்போது, டீ வாங்கி வரும் பையன் எலுமிச்சைச் சாறைத் தட்டிவிடுகிறான். கறை மஞ்சளாகிறது. அசல் ரத்தம் அப்படி மாறாது. அது சரித்திர நாடகத்தின் இரண்டாம் காட்சிச் சண்டையில் பட்ட ஆலம் என்று வீட்டில் மஞ்சள் அரைத்த எல்லோருக்கும் புரிந்துவிடும். நிஜமாகவே மேடையில் செய்கிறோம், முன் வரிசையில் இருந்தால் நிறம் மாறுவது தெரியும்.

அந்த ஒட்டுத்தாடி விஷயம் என்ன? நோட்டீஸில்கூடப் படம் போட்டிருக்கிறீர்களே.

தாடி செய்யும் க்ரேப் முடியை ஸ்பிரிட் கம் என்ற பசை வைத்து ஒட்டுவோம். காய்ந்துவிட்டால் தோலைப் பிடித்துக்கொள்ளும். நடிகர்கள் எடுக்கும்போது காதோரம் எண்ணெயோ ஸ்பிரிட்டோ தடவி, ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெல்ல உரிப்பார்கள். அவசரப்பட்டால் தோலும் சேர்ந்து வரும். தினமும் அனுபவிக்கிற வலி என்பதால் எந்த நடிகரும் நடுவில் பிடித்து இழுக்க மாட்டார். ஐயாவின் தாடி முகவாய்க்கட்டையில்தான் பிய்ந்திருக்கிறது. அந்தப் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்தக் கதாயுதம்?

கதைக்குள் ஓடும் சரித்திர நாடகத்தில் சுழல்வது காகிதக் கூழ், உள்ளே காற்று. ஐயா சாகும் அன்று பெட்டியில் இருப்பது பண்ருட்டிப் பலாக்கட்டையில் கடைந்த பழைய கதாயுதம். மிருதங்கம் செய்யக் கொண்டுபோகும் மரம். கனம் தூக்கினால்தான் தெரியும். அதை யார், எப்போது மாற்றினார்கள் என்பது கதையில் பாதி. எங்கள் மேடையில் நிஜக் கட்டை எதுவும் சுழலாது. துணி சுற்றிய தெர்மோகோல்தான்.

போலீஸ் விசாரணையெல்லாம் சரியாக இருக்குமா?

கூடிய மட்டும் சரியாக வைத்திருக்கிறோம். ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் மூன்று ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். அவர் முதலில் கை வைத்தது யூனிபார்மில். இன்ஸ்பெக்டருக்கு மூன்று நட்சத்திரம், தோளோரத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு ரிப்பன். எங்கள் சட்டையில் ரிப்பன் இல்லை. ‘இது இல்லாட்டி அவரு டிஎஸ்பி ஆயிடுவாரு தம்பி’ என்று சொல்லி, அவரே கையால் தைத்துக் கொடுத்தார்.

அடுத்தது செக்‌ஷன். எனக்குப் பழகிய எண் 302. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு இப்போது 103. நாடகத்தில் இன்ஸ்பெக்டர் 103 என்று சொல்ல, பக்கத்தில் எழுதுகிறவர் ‘பழைய 302 தானே சார்?’ என்று கேட்பார். பார்க்கிறவர்களுக்கும் அந்த ஒரு வரியில் விளங்கிவிடும்.

மூன்றாவது, என் பழைய முடிவையே தூக்கிப் போட வைத்தது. கடைசிக் காட்சியில் கொலையாளி இன்ஸ்பெக்டர் முன் அழுதுகொண்டே ‘நான்தான் செஞ்சேன்’ என்று ஒத்துக்கொள்வதாக எழுதியிருந்தேன். ஏட்டு கேட்டார்: ‘போலீஸ்கிட்ட சொன்னது கோர்ட்ல நிக்காதே, அப்புறம் என்ன ஆகும்?’ உண்மைதான். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு. புதிய பாரதிய சாட்சிய அதினியத்தில் 23. மாஜிஸ்திரேட் முன்னால் தானாக முன்வந்து சொன்னால் கணக்கு வேறு. அவர் சொல்லி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருள் கிடைத்த மட்டுக்கு அவர் பேச்சு செல்லும். இந்த ஒரு கேள்வியால் முடிவு நல்லதாக மாறியது. இப்போது கொலையாளி ஒத்துக்கொண்ட பிறகும் நாடகம் பதினைந்து நிமிஷம் ஓடுகிறது. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் தேடப்படுவது ஒரே ஒரு சின்னப் பொருள்.

விஷம் வைத்துக் கொன்றதாக எழுதினால் சுலபமாக இருந்திருக்குமே?

யோசித்தேன். விஷம் என்றால் உள்ளுறுப்பை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். நம் மாநிலத்தில் அந்த வேலை இன்று நேற்று தொடங்கியதில்லை, சென்னையில் ரசாயனப் பரிசோதகர் கூடம் 1849லேயே வந்துவிட்டது. ஆனால் ஒரே ராத்திரியில் முடிகிற கதையில் முடிவு வரும் வரை யாரையும் மேடையில் உட்கார வைக்க முடியாது.

கொலையாளி யாரென்று சொல்ல மாட்டீர்கள், சரி. தூக்கிப் போட்ட பழைய கதையையாவது சொல்லலாமே?

அதைச் சொல்லலாம்.

முதல் பிரதியில் கொலையாளி ப்ராம்ப்டர். படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிறவர். அவர் முகம் யாருக்கும் தெரியாது, குரல் மட்டும் மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்கும். மூன்றாம் காட்சி முழுக்க அவர் குரலைக் கேட்டதாக எல்லோரும் சாட்சி சொல்கிறார்கள். உண்மையில் அவர் முன்னாடியே எல்லா வரிகளையும் செல்போனில் பதிவு செய்து, படுதா ஓரத்தில் ஓடவிட்டுவிட்டு மேக்கப் ரூமுக்குப் போயிருக்கிறார்.

மாட்டிக்கொண்டது எப்படி? அந்தக் காட்சியில் பபூன் வேஷக்காரர் சபையில் கைதட்டல் பலமாக இருந்ததால் நான்கு வரி சொந்தமாகச் சேர்த்துப் பேசிவிட்டார். உயிருள்ள ப்ராம்ப்டராக இருந்தால் அவர் முடிக்கும்வரை பொறுத்திருப்பார். பதிவான குரல் பொறுக்கவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டது. ‘அன்னிக்கு மட்டும் அண்ணன் ஏன் அவசரப்பட்டாரு?’ என்று பபூன் யதேச்சையாகக் கேட்பதில் முடிச்சு அவிழும்.

தந்திரம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ப்ராம்ப்டரை எனக்குத் தெரியும். எங்கள் குழுவிலும் ஒருவர் இருக்கிறார். ஒருநாளும் மேடையில் வெளிச்சத்துக்கு வராமல், எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பவர். ஒரு நடிகர் தடுமாறினால் அவருக்குத் தொண்டை அடைத்துவிடும். அப்படிப்பட்டவர் நடந்துகொண்டிருக்கும் நாடகத்தை ஒரு செல்போனிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாரா? எவ்வளவு கோபம் இருந்தாலும் போக மாட்டார். கொலைகூடச் செய்யலாம், காட்சி நடுவில் இடத்தை விட்டு நகர மாட்டார். நான்கு மாதம் எழுதியதை அந்த ஒரு காரணத்துக்காக விட்டேன். புதிய பிரதியில் ப்ராம்ப்டர் இருக்கிறார். தன் இடத்திலேயே நிற்கிறார்.

துப்பு எல்லாம் எங்களுக்கும் கிடைக்குமா, இல்லை கடைசியில் திடீரென்று சொல்வீர்களா?

இன்ஸ்பெக்டருக்குத் தெரிவது எல்லாம் உங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு துப்பும் நல்ல வெளிச்சத்தில், ஒரு தடவையாவது, மேடையின் நடுப்பகுதியில் வரும். ஒன்றே ஒன்று மட்டும் இருட்டில் வரும். கரண்ட் போகும் காட்சியில் மண்டபத்தின் வெளியேறும் வழி விளக்குகள் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிடுவோம். கதையில் மூன்று நிமிஷம், மேடையில் நாற்பது நொடி. அதில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மேடையைத் தொட்டுக் கும்பிட்டு ஏறும் நடிகர்கள் யாரும் உள்ளே செருப்புப் போட மாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. முடிவை வெளியே சொல்லாதீர்கள். அடுத்த காட்சிக்கு வருகிறவர்கள் அதே இரண்டு மணி நேரத்தை முழுசாக அனுபவிக்க வேண்டும்.

புதுச்சேரியில் ஏன் கதையை வைக்கவில்லை? அங்கேதானே நாடகத்துக்கு மவுசு?

ஒரு கட்டத்தில் பாகூர்ப் பக்கம் வைத்திருந்தேன். பாகூர்க் கொம்யூன் கடலூரை ஒட்டியே கிடக்கிறது. ஒரு தெருவில் நின்றால் தமிழ்நாடு, நாலு எட்டு வைத்தால் புதுச்சேரி. கொலை எந்த எல்லையில் என்பதிலேயே காட்சிகள் போய்விட்டன. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றலாம் என்று சட்டம் இருந்தாலும் மேடையில் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியவில்லை. கதையைக் கடலூருக்கே கொண்டுவந்துவிட்டேன். புதுச்சேரி ஒரு துப்பாக மட்டும் மிச்சமிருக்கிறது: நெய்வேலியிலிருந்து நேரே வந்ததாகச் சொல்லும் ஒருவரை, புதுச்சேரி எல்லைப் பக்கம் இருக்கும் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

பத்து வயசுக்கு மேல் என்றால் வரலாம். அடிப்பது மேடையில் நடக்காது. பிணம் இரண்டு நிமிஷம் தெரியும்.

சாவை மேடையில் காட்டலாமா என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் கூடாது என்கிறது. நம் பக்கத்துக் கூத்து அதைப் பார்த்துத் தயங்கியதில்லை. கர்ண மோட்சத்தில் கர்ணன் விடிய விடியச் சாகிறான், ஊரே உட்கார்ந்து அழுகிறது. கருமாதி வீட்டிலும் அந்தக் கூத்தை வைக்கிறார்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே செத்தவனுக்காக அழ ஆள் இருக்கிறது. மர்மக் கதையில்தான் பிணத்தைப் பார்த்த அடுத்த நிமிஷம் எல்லோரும் யார் செய்தது என்று ஓடிவிடுகிறார்கள். அதனால் எங்கள் நாடகத்தில் ஐந்தாம் காட்சியில் விசாரணை கிடையாது. ராணி வேஷத்தைக் கலைக்காமலே உட்கார்ந்து ஐயாவைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். ‘வேகம் குறையுதே’ என்று சிலர் சொன்னார்கள். அந்தக் காட்சியை எடுக்க மாட்டேன்.

நாடகம் போட போலீஸ் அனுமதி வேண்டுமா?

முன்பு 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் ரத்து செய்தது. மண்டபத்துக்கும் மைக்குக்கும் வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்கிறோம். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, அதனால் ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிக்கிறோம். பெண்களுக்கு பஸ் கிடைக்கவும் இது வசதி. இன்ஸ்பெக்டராக நடிப்பவர் டீ குடிக்க வெளியே போகும்போது சட்டையை மாற்றிக்கொண்டுதான் போவார். ஏமாற்றும் நோக்கத்தோடு அரசு ஊழியர் உடையைப் போட்டால் குற்றம். அவருக்கு அந்த நோக்கம் இல்லைதான், ஆனால் தெருவில் பார்க்கிறவருக்கு அது தெரியாது.

நடிக்க வரலாமா? அனுபவம் இல்லை.

வரலாம். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ஏழரைக்கு வந்துவிட முடியுமா என்பதுதான் முக்கியம். முதல் மாதம் படுதா இழுக்க வேண்டும், பெட்டி தூக்க வேண்டும், மற்றவர்களுக்கு வசனம் படித்துக் காட்ட வேண்டும். பணம் கிடையாது. நோட்டீஸில் பெயர் கட்டாயம் உண்டு. அச்சுக்குப் போகும் முன் நானே மூன்று தடவை சரிபார்க்கிறேன்.

முதல் காட்சிக்கு முன்னால் எல்லோரும் கருவடிக்குப்பம் போகிறீர்களாமே?

போகிறோம். தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில்தான் அவர் சமாதி. கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

அவரைப் பற்றி நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்வது ஒன்று உண்டு. சுவாமிகள் முதலில் நடிகர். எமன், சனீஸ்வரன் வேஷம் கட்டுவார். ஒரு நாள் விடியற்காலையில் சனீஸ்வரன் வேஷத்தோடு, அதைக் கழுவ நீர்நிலைக்குப் போயிருக்கிறார். துணி வெளுக்க வந்த பெண் அந்த உருவத்தைப் பார்த்த பயத்தில் உயிரை விட்டுவிட்டாளாம். அதன் பிறகு அவர் வேஷம் கட்டுவதை விட்டு, நாடகம் எழுதவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் போய்விட்டார் என்பார்கள். எனக்கு இந்த நாடகத்தை எழுதிய நாளெல்லாம் அந்தப் பெண் ஞாபகம் இருந்தது. அவள் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிரதியைச் சமாதியில் வைத்து எடுத்த பிறகு, அங்கேயே தரையில் உட்கார்ந்து முதல் பக்கத்தை வாசிப்போம். வாசிக்க வேண்டியவர் ஐயா வேஷம் போடுகிறவர். அவருக்கு அந்தப் பக்கத்தில் ஆறு வரி வசனம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒப்பனை இல்லாமல், தன் சொந்தக் குரலில் அந்த ஆறு வரியையும் வாசிப்பார். மற்ற பத்துப் பேரும் கேட்டுக்கொண்டிருப்போம்.